ஹியூபேட் செசில் பூத் (1871 – 1955): தூசுக்கு வழி கண்ட பொறியியலாளர்



வீடு கூட்டும்போது தும்புத்தடியோ ஈர்க்குமாறோ தூசை இல்லாமற் செய்வதில்லை. ஓரிடத்தில் இருந்த தூசைக் கிளப்பி இன்னோரிடத்தில் படியச் செய்கின்றது. யன்னல் வழியாக வரும் வெயிலில் அத்தூசு மிதப்பதை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அடுத்த நாள் அதே தூசை நாம் மீண்டும் கூட்டுகின்றோம்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் இதனைச் சாதாரண விடயமாகவே ஏற்றுக்கொண்டனர். தூசைக் கிளப்பாமல் அப்படியே பிடித்து அடைத்துவிடலாம் என்று காட்டிய பொறியியலாளர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹியூபேட் செசில் பூத் ஆவார். இன்று உலகெங்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் பயன்படும் வக்கியூம் கிளீனர், அதாவது தூசு உறிஞ்சும் இயந்திரம், இவரது சிந்தனையின் வழியில் வளர்ந்ததாகும். ஆயினும் இவ்வியந்திரத்தைப் பற்றிப் பேசும்போது பலருக்கு நினைவுக்கு வருவது இவரது பெயரன்று, வேறொருவரின் பெயராகும். அது ஏன் என்பதையும் இவரது வாழ்க்கை வரலாற்றிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

1. பிறப்பும் கல்வியும்

பூத் 1871ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆம் திகதி இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள குளொஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஏபிரகாம் பூத் ஒரு மர வியாபாரி ஆவார். பூத் தமது ஆரம்பக் கல்வியைச் சொந்த ஊரிலேயே பெற்றார்.

அவர் பிறந்த காலத்தை நன்கு கவனியுங்கள். கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தை முற்றாக மாற்றிவிட்டிருந்த காலம் அது. நீராவி இயந்திரம், புகையிரதம், இரும்புப் பாலம், நெசவாலை என்பன மக்களின் வாழ்வோடு கலந்துவிட்டன. தொழிற்சாலைகளுக்குப் பயிற்றப்பட்ட பொறியியலாளர்கள் தேவைப்பட்டனர். எனவே தொழினுட்பக் கல்விக்கெனத் தனிக் கல்லூரிகள் தோன்றின.

அவ்வாறான ஒரு நிறுவனமாகிய இலண்டன் மத்திய தொழினுட்பக் கல்லூரியில் 1889ஆம் ஆண்டு பூத் சேர்ந்தார். அங்கு மூன்று ஆண்டுகள் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் பயின்றார். அக்காலத்தில் பெயர்பெற்ற பொறியியற் பேராசிரியராகிய வில்லியம் கோதோர்ன் அன்வின் இவரது ஆசான் ஆவார். பூத் பொறியியற் பிரிவில் இரண்டாம் இடத்தைப் பெற்றுச் சித்தியடைந்தார்.

2. இரும்புச் சக்கரங்களும் பாலமும்

1892ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் லாம்பெத் பகுதியில் இயங்கிய மோட்ஸ்லி என்ற புகழ்பெற்ற இயந்திரக் கம்பனியில் பூத் வேலைக்கமர்ந்தார. கப்பல்களுக்கான இயந்திரங்களை வரையும் பிரிவில் அவர் பணியாற்றினார். பிரித்தானியக் கடற்படையின் போர்க்கப்பல்களுக்கான இயந்திரங்களும் அவர் கையாண்ட வேலைகளுள் அடங்கும்.

அக்கம்பனியைச் சேர்ந்த வோல்டர் பாசெட் என்பவர் அக்காலத்தில் இராட்சத இராட்டினங்களை அமைப்பதில் ஈடுபட்டிருந்தார். 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் பெரிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இராட்டினம் உலகின் கவனத்தை ஈர்த்திருந்தது. ஐரோப்பிய நகரங்களும் அதுபோன்றவற்றை விரும்பின. பாசெட் இப்பணிக்கு இளைஞரான பூத்தைத் தெரிவுசெய்தார். இலண்டன், பிளக்பூல், வியன்னா, பாரிஸ் ஆகிய நகரங்களில் எழுந்த இராட்டினங்களின் வேலையில் பூத்தின் பங்கு இருந்தது.

இவற்றுள் 1897ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் அமைக்கப்பட்ட இராட்டினம் மட்டுமே எஞ்சியுள்ளது. ஏறத்தாழ 65 மீற்றர் உயரமான அது இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் தீக்கிரையானது. எனினும் போரின் பின்னர் திருத்தியமைக்கப்பட்டு இன்றும் சுழல்கின்றது.

இதன் பின்னர் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையோரத்தில் கொனல் என்னுமிடத்தில் கடல்நீரேரியின் குறுக்கே அமைக்கப்பட்ட பெரிய உருக்குப் பாலத்தின் நிர்மாண வேலைகளையும் பூத் வழிநடத்தினார். அப்பாலம் 1903ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. முதலிற் புகையிரதம் சென்ற அப்பாலத்தின் மீது இன்று வாகனங்கள் செல்கின்றன.

மாணவர்களே, பாலமும் இராட்டினமும் கட்டிய ஒருவர் வீட்டுத் தூசைப் பற்றி ஏன் சிந்தித்தார் என்ற கேள்வி உங்களுக்கு எழக்கூடும். அதற்கு அக்கால நகர வீடுகளின் நிலையை முதலில் அறிதல் வேண்டும்.

3. அக்கால வீடுகளும் தூசும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரம் நிலக்கரியால் இயங்கியது. வீட்டை வெப்பமாக்குவதற்கும் சமையலுக்கும் நிலக்கரி எரிக்கப்பட்டது. தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளும் இடைவிடாது புகையைக் கக்கின. வீதிகளிற் குதிரை வண்டிகள் ஓடின. புகைக்கரியும் புழுதியும் உலர்ந்த சாணத் தூளும் வீடுகளுக்குள் வந்து படிந்தன.

வசதி படைத்தோரின் வீடுகளில் தடித்த கம்பளங்கள், கனமான திரைச்சீலைகள், மெத்தை வைத்துத் தைத்த கதிரைகள் என்பன நிறைந்திருந்தன. இவை அனைத்தும் தூசைச் சேமித்து வைக்கும் இடங்களாயின. கம்பளத்தைத் துப்புரவு செய்வதற்கு அதனைச் சுருட்டித் தூக்கி வெளியே கொண்டுசென்று, கயிற்றில் தொங்கவிட்டுத் தடியால் அடிக்க வேண்டும். இவ்வேலை முழுவதும் வேலையாட்களின் தலையிலேயே விழுந்தது. அடிக்கும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் தூசு அவர்களின் மூக்கிலும் நெஞ்சிலும் சென்று தங்கியது.

இதற்கு மாற்றுவழி தேடியோர் முன்னரும் இருந்தனர். அவர்களுட் சிலரைக் கீழே காண்க.

• 1860 – ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டானியல் ஹெஸ், சுழலும் தூரிகையும் துருத்தியும் கொண்ட கம்பளக் கூட்டி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார்.
• 1869 – சிக்காகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மக்காபி, கையாற் சுழற்றும் விசிறியுடன் கூடிய கருவி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஒரு கையாற் சுழற்றிக்கொண்டே மறு கையால் தள்ள வேண்டியிருந்ததால் அது பயன்படுத்தக் கடினமாக இருந்தது.
• 1876 – மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மெல்வில் பிசெல், தூரிகை உருளை கொண்ட கம்பளக் கூட்டியை உருவாக்கினார். இது நன்கு விற்பனையாயிற்று. ஆனால் இது வளியை உறிஞ்சவில்லை.
• 1899 – சென் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜோன் தேர்மன், அமுக்கப்பட்ட வளியை ஊதித் தூசைக் கிளப்பும் பெரிய இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

(ஆக்கவுரிமை என்பது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அதனைக் குறித்த காலத்துக்குத் தனியே பயன்படுத்துவதற்கு அரசு வழங்கும் உரிமையாகும்.)

4. ஒரு கேள்வி பிறந்த இடம்

1901ஆம் ஆண்டு இலண்டனில் எம்பயர் மியூசிக் ஹோல் என்ற அரங்கில் புதிய துப்புரவு இயந்திரம் ஒன்று செய்து காட்டப்பட்டது. அதனை அமெரிக்கர் ஒருவர் கொண்டு வந்திருந்தார். பூத்தும் அதனைக் காணச் சென்றிருந்தார்.

அவ்வியந்திரம் கம்பளத்தின் மீது அமுக்கப்பட்ட வளியை இரு பக்கங்களிலிருந்து ஊதியது. அவ்வாறு ஊதும்போது கிளம்பும் தூசு மேலேயுள்ள பெட்டிக்குள் சென்று சேர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பாகும். நடந்ததோ வேறு. தூசின் பெரும்பகுதி பெட்டிக்குள் செல்லாமல் சுற்றிவரப் பறந்து மீண்டும் கம்பளத்திலேயே படிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பூத் அந்த அமெரிக்கரை அணுகி, ஊதுவதற்குப் பதிலாகத் தூசை உறிஞ்சினால் என்ன என்று வினவினார். அதற்கு அவர் சினமுற்று, உறிஞ்சுவது நடவாத காரியம் என்றும் பலர் முயன்று தோற்றுவிட்டனர் என்றும் கூறிவிட்டு அகன்றார்.

இக்கட்டத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். அந்த அமெரிக்கரிடம் இயந்திரம் இருந்தது. பூத்திடமோ ஒரு கேள்வி மட்டுமே இருந்தது. தூசைப் பிடிக்க வேண்டும் என்பதே நோக்கமாயின் அதனை ஏன் நம்மிடமிருந்து விலகிச் செல்லும் வகையில் ஊத வேண்டும்? வளியின் திசையை மாற்றிப் பார்க்கலாமே என்ற அந்த எளிய சிந்தனைதான் பின்னர் நடந்த அனைத்துக்கும் வித்தாக அமைந்தது.

5. உணவுச்சாலையில் ஒரு பரிசோதனை

நடவாது என்று ஒருவர் கூறியதை அப்படியே ஏற்பதற்குப் பூத் விரும்பவில்லை. சில நாட்கள் அதனையே சிந்தித்துக் கொண்டிருந்தார். ஒருநாள் இலண்டன் விக்ரோரியா வீதியிலுள்ள உணவுச்சாலை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, முன்னாலிருந்த மெத்தைக் கதிரையின் முதுகுப் பக்கத்தில் வாயை வைத்து வளியைப் பலமாக உள்ளிழுத்தார். கதிரைக்குள் இருந்த தூசு தொண்டைக்குள் சென்று மூச்சுத் திணறும் நிலை ஏற்பட்டது. ஆயினும் அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

இந்நிகழ்ச்சி வேறு விதமாகவும் கூறப்படுவதுண்டு. வாய்க்கும் கதிரைக்கும் இடையில் கைக்குட்டை ஒன்றை வைத்து உறிஞ்சியதாகவும், கைக்குட்டையின் மறுபுறத்தில் தூசு வட்டமாகப் படிந்திருந்ததாகவும் அக்கதை அமையும். எவ்வாறாயினும் இரண்டு உண்மைகள் இதிலிருந்து பெறப்பட்டன.

(அ) உறிஞ்சும் வளி துணியின் உள்ளே ஆழத்திலுள்ள தூசையும் வெளியே இழுத்து வரும்.
(ஆ) அவ்வளியை ஒரு துணியினூடாகச் செலுத்தினால் வளி கடந்து செல்லும். தூசு துணியில் தங்கிவிடும்.

முதலாவது உறிஞ்சல், இரண்டாவது வடித்தல். வடித்தல் இல்லையெனில் ஒரு பக்கத்தில் உறிஞ்சிய தூசு மறுபக்கத்தால் மீண்டும் அறைக்குள்ளேயே வந்துவிடும். இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்ததே பூத்தின் சிறப்பாகும். இவ்வமைப்புக்கு 1901ஆம் ஆண்டிலேயே அவர் பிரித்தானிய ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டார்.

6. இயந்திரம் இயங்கும் தத்துவம்

விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற வளிமண்டல அமுக்கத்தை இங்கு நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். உறிஞ்சும் இயந்திரம் தூசைத் தானாகப் பிடித்து இழுப்பதில்லை. பம்பியோ விசிறியோ குழாயின் உள்ளிருக்கும் வளியை வெளியேற்றும்போது குழாயினுள் அமுக்கம் குறைகின்றது. வெளியே வளிமண்டல அமுக்கம் கூடுதலாக இருக்கின்றது. எனவே வெளியிலுள்ள வளி குழாய்க்குள் வேகமாகப் பாய்கின்றது. அவ்வாறு பாயும் வளியே தூசுத் துணிக்கைகளைத் தன்னுடன் அள்ளிச் செல்கின்றது. குழாய் மூலம் இளநீர் குடிக்கும்போது நடைபெறுவதும் இதுவேயாகும்.

இவ்வியந்திரத்தின் பெயரில் வெற்றிடம் என்னும் பொருள்படும் சொல் இருந்தாலும் உள்ளே முழுமையான வெற்றிடம் உண்டாவதில்லை. இன்றைய வீட்டு இயந்திரங்கள் உள்ளமுக்கத்தை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினால் மட்டுமே குறைக்கின்றன. அந்தச் சிறு வித்தியாசமே தூசை அள்ளுவதற்குப் போதுமானதாகும்.

7. சிவப்பு வண்டியும் நீண்ட குழாயும்

பூத் அமைத்த முதல் இயந்திரம் உங்கள் கற்பனைக்கு எட்டாத அளவு பெரியது. பெற்றோலினால் இயங்கும் இயந்திரமும் பம்பியும் ஒரு வண்டியின் மீது பொருத்தப்பட்டிருந்தன. அவ்வண்டியைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. அது சிவப்பு நிறம் பூசப்பட்டிருந்தது. மக்கள் அதற்குப் பப்பிங் பில்லி என்று பட்டப்பெயர் சூட்டினர். அது முன்னர் பழைய நீராவிப் புகையிரத இயந்திரம் ஒன்றுக்கு இருந்த பெயராகும். பின்னர் மின்மோட்டரால் இயங்கும் வண்டிகளும் சேர்க்கப்பட்டன.

வண்டி வீட்டின் முன்னால் வீதியில் நிறுத்தப்படும். சீருடை அணிந்த பணியாளர்கள் நீண்ட குழாய்களை யன்னல்கள் வழியாக உள்ளே கொண்டு சென்று கம்பளங்கள், திரைச்சீலைகள், கதிரைகள் என்பவற்றின் மீது செலுத்துவர். இயந்திரம் வெளியே இருக்கும். தூசு குழாய் வழியே வண்டியிலுள்ள வடித்துணியைச் சென்றடையும்.

பூத் இவ்வியந்திரத்தை மக்களுக்கு விற்கவில்லை. துப்புரவு செய்யும் சேவையையே விற்றார். அதற்கெனத் தனிக் கம்பனி ஒன்றையும் நிறுவினார். வக்கியூம் கிளீனர் என்ற பெயர் வழக்குக்கு வந்ததும் அக்கம்பனியின் மூலமேயாகும்.

இச்சேவையைப் பெறுவது செல்வந்தரிடையே ஒரு நாகரிகமாயிற்று. வீட்டுக்கார அம்மாமார் நண்பர்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்து, இயந்திரம் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கச் செய்தனர். தூசு விரைந்து செல்வதைக் காண்பதற்காகக் குழாயின் ஒரு பகுதி ஒளிபுகத்தக்கதாகவும் அமைக்கப்பட்டது. துப்புரவாக இருப்பதாகத் தாம் நம்பிய வீட்டிலிருந்து அவ்வளவு அழுக்கு வெளியேறுவதைக் கண்டு அவர்கள் வியப்படைந்தனர்.

எதிர்ப்புகளும் எழாமலில்லை. இயந்திரத்தின் இரைச்சல் பற்றி முறைப்பாடுகள் வந்தன. வீதியில் சென்ற வண்டிக் குதிரைகள் மிரண்டன. அதற்காகப் பூத் தண்டப்பணமும் செலுத்த நேர்ந்தது. ஆயினும் அவர் தமது முயற்சியைக் கைவிடவில்லை.

8. முடிசூட்டு விழாக் கம்பளம்

1902ஆம் ஆண்டு 7ஆம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழா வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் நடைபெற ஏற்பாடாகியிருந்தது. ஆயத்த வேலைகளின்போது சிம்மாசனங்களின் கீழே விரிக்கப்பட்டிருந்த பெரிய நீலக் கம்பளம் அழுக்கடைந்துவிட்டது. அதனை வெளியே எடுத்துச் சென்று அடித்துத் துப்புரவு செய்வதற்கு அவகாசம் இருக்கவில்லை. இச்சந்தர்ப்பத்திலே பூத்தின் இயந்திரம் அழைக்கப்பட்டது. கம்பளம் விரித்த இடத்திலேயே சுத்தமாயிற்று.

இதனைக் கேள்வியுற்ற மன்னரும் அரசியாரும் பக்கிங்ஹாம் மாளிகையில் அவ்வியந்திரத்தை இயக்கிக் காட்டுமாறு பணித்தனர். அதன் பயனாகப் பக்கிங்ஹாம் மாளிகைக்கும் வின்ட்சர் கோட்டைக்கும் இயந்திரங்கள் பெறப்பட்டன. அரச ஆதரவு கிடைத்ததும் பூத்தின் பெயர் நாடெங்கும் பரவியது. அரங்குகள், பெரிய கடைகள், விடுதிகள் என்பன இச்சேவையை நாடின.

9. போர்க்காலச் சேவை

முதலாம் உலகப் போரின்போது (1914 – 1918) இலண்டனின் பளிங்கு மாளிகை எனப்பட்ட பாரிய கண்ணாடிக் கட்டடத்தில் கடற்படை வீரர்கள் தங்கவைக்கப்பட்டனர். நெருக்கமாக வாழ்ந்த அவர்களிடையே புள்ளிக் காய்ச்சல் பரவியது. அக்கட்டடத்தைத் துப்புரவு செய்வதற்குப் பூத்தின் 15 இயந்திரங்கள் அனுப்பப்பட்டன. தரை, சுவர், உத்தரம் என எல்லாவிடங்களிலும் படிந்திருந்த தூசு தொன் கணக்கில் அகற்றப்பட்டது. அதன் பின் நோயும் தணிந்ததாகக் கூறப்படுகின்றது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் புள்ளிக் காய்ச்சல் எனப்பட்டது பற்றீரியாவால் ஏற்படும் மூளையுறை அழற்சி நோயாகும். அது நெருங்கிய தொடர்பின்போது இருமல், எச்சில் துளிகள் என்பவற்றால் தொற்றுகின்றது என்பதே இன்றைய மருத்துவ அறிவாகும். எனவே தூசை அகற்றியதால் மட்டுமே நோய் நின்றது என்று கூறுவது பொருந்தாது. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை யாவும் காரணமும் விளைவுமாக அமைவதில்லை. எனினும் பொது இடங்களின் சுகாதாரத்துக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இத்தகைய சம்பவங்களால் வலுப்பெற்றது.

10. கைக்குள் வந்த இயந்திரம்

பூத்தின் இயந்திரத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது செல்வந்தரின் வாசலுக்கு மட்டுமே வந்தது. சில ஆண்டுகளின் பின் அவரது கம்பனி தள்ளுவண்டியிற் பொருத்திய மின்சார இயந்திரம் ஒன்றை வெளியிட்டபோதும் அது பாரமும் விலையும் கூடியதாகவே இருந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமும் கிடைத்திருக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கன்ரன் நகரில் ஜேம்ஸ் மறே ஸ்பாங்லர் என்னும் முதியவர் ஒரு கடைக்கட்டடத்தில் துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்தார். அவருக்கு ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோய் இருந்தது. கம்பளம் கூட்டும்போது எழும் தூசு அவரது நோயைக் கூட்டியது. வேலையை விட்டால் வருமானமில்லை. செய்தால் மூச்செடுக்க முடியவில்லை.

இந்நிலையில், 1907ஆம் ஆண்டளவில், அவர் மின்விசிறியின் மோட்டர், பெட்டி, தும்புத்தடிப் பிடி, தலையணை உறை என்பவற்றைச் சேர்த்து ஒருவர் தள்ளிச் செல்லக்கூடிய இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். தலையணை உறையே தூசு சேரும் பையாயிற்று. 1908ஆம் ஆண்டு யூன் மாதம் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது.

அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கு ஸ்பாங்லரிடம் மூலதனம் இருக்கவில்லை. அயலில் தோற்பொருள் உற்பத்தி செய்து வந்த வில்லியம் ஹென்றி ஹூவர் என்பவர் அதே ஆண்டில் அவ்வுரிமையை வாங்கினார். மோட்டர் வாகனங்கள் வந்ததால் குதிரைச் சேணத்துக்கான கேள்வி குறைந்து வந்தது; எனவே ஹூவரும் புதிய தொழில் ஒன்றை நாடியிருந்தார். இயந்திரத்தைப் பத்து நாட்கள் வீட்டில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என அவர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். விற்பனை பெருகியது. ஸ்பாங்லர் 1915ஆம் ஆண்டு காலமானார்.

காலப்போக்கில் ஹூவர் என்ற பெயர் பிரித்தானியாவிலேயே தூசு உறிஞ்சும் இயந்திரத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. பூத்தின் சொந்த நாட்டு மக்களே வீட்டைச் சுத்தம் செய்வதைக் குறிக்க ஹூவரின் பெயரை வினைச்சொல்லாகப் பயன்படுத்தலாயினர்.

11. பிற்கால வாழ்வு

பூத் மனமுடைந்து ஒதுங்கவில்லை. அவரது கம்பனி பெரிய கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய உறிஞ்சும் அமைப்புகளைத் தயாரித்தது. கொப்ளின் என்ற வர்த்தகப் பெயரில் வீட்டு இயந்திரங்களையும் வெளியிட்டது. பாலங்கள், இராட்டினங்கள் போன்ற பாரிய அமைப்புகளின் பொறியியலாளர் என்ற மதிப்பும் அவருக்கு இருந்தது. சார்லட் மேரி பியேர்ஸ் என்பவரை மணந்து இரு ஆண் மக்களுக்குத் தந்தையானார். 1955ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் திகதி தமது 83ஆவது வயதில் இங்கிலாந்திலேயே காலமானார்.

அவர் விட்டுச்சென்ற தத்துவம் தொடர்ந்து வளர்ந்தது. 1993ஆம் ஆண்டு ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர், பைக்குப் பதிலாக வளியைச் சுழலச் செய்து தூசைப் பிரிக்கும் இயந்திரத்தைத் தமது சொந்தப் பெயரில் பிரித்தானியச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் 5,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்திருந்தார். 2000களின் தொடக்கத்தில் தானாகவே வீட்டைச் சுற்றித் துப்புரவு செய்யும் ரொபோக்களும் விற்பனைக்கு வந்தன. எனினும் வளியை உறிஞ்சித் தூசைப் பிரித்தெடுத்தல் என்ற அடிப்படை மாறவில்லை.

12. மதிப்பீடு

தூசு உறிஞ்சியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருவர் உங்களைக் கேட்டால் ஒரே பெயரில் விடை கூறுவது கடினம். ஹெஸ், மக்காபி முதலியோர் முன்னோடிகள். இயந்திர வலுவினால் உறிஞ்சி வடிக்கும் முறையை வெற்றிகரமாக நடைமுறைப்படுத்தியவர் பூத். சாதாரண வீட்டுக்கு ஏற்ற வடிவத்தைக் கொடுத்தவர் ஸ்பாங்லர். அதனை மக்களிடம் கொண்டு சேர்த்தவர் ஹூவர். பெயர் நிலைத்ததோ கடைசியாக வந்தவருக்கே. ஒரு கண்டுபிடிப்பு எத்துணை சிறந்ததாயினும் அது மக்களின் கைக்கு எட்டும்போதே முழுமை பெறுகின்றது என்பதை இது காட்டுகின்றது.

இவ்வியந்திரம் வீட்டு வேலையைக் குறைத்ததா என்பதும் சிந்திக்கத்தக்கது. கம்பளம் சுமந்து அடிக்கும் கடின உழைப்பு நீங்கியது உண்மை. ஆனால் துப்புரவு பற்றிய எதிர்பார்ப்பும் கூடவே உயர்ந்தது. முன்னர் ஆண்டுக்குச் சில தடவை செய்த வேலையை வாரந்தோறும் செய்ய வேண்டியதாயிற்று. வீட்டு இயந்திரங்கள் பெருகிய போதும் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். தொழினுட்பம் வேலையை இலகுவாக்கும். அவ்வேலையைப் பகிர்ந்து கொள்வது மனிதரின் கையிலேயே உள்ளது.

பூத்தின் வாழ்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முதன்மையான பாடம் அவரது கேள்வியாகும். நடவாது என்று அனுபவம் மிக்கவர் ஒருவர் சொன்னபோது அவர் வாதாடவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பரிசோதித்துப் பார்த்தார். வகுப்பறையில் உங்களுக்கு ஒரு சந்தேகம் எழும்போது, பிறர் சிரிப்பார்களோ என எண்ணி அதனை விழுங்கிவிடாதீர்கள். கேளுங்கள், விடை கிடைக்காவிடின் நீங்களே செய்து பாருங்கள்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1871 – குளொஸ்டர் நகரிற் பிறப்பு
1889 – இலண்டன் மத்திய தொழினுட்பக் கல்லூரியில் அனுமதி
1892 – மோட்ஸ்லி கம்பனியில் இணைதல்
1897 – வியன்னா இராட்டினம்
1901 – உறிஞ்சும் இயந்திரமும் ஆக்கவுரிமையும்
1902 – முடிசூட்டு விழாக் கம்பளத்தைத் துப்புரவு செய்தல்
1903 – கொனல் பாலம் திறப்பு
1908 – ஸ்பாங்லரின் ஆக்கவுரிமை; ஹூவர் அதனை வாங்குதல்
1955 – மறைவு

பரீட்சைக் குறிப்பு

வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்கிச் செல்லாதீர்கள். அவர் வாழ்ந்த காலச் சூழல், எதிர்கொண்ட பிரச்சினை, அதனைத் தீர்த்த விதம், சமூகத்துக்கு ஏற்பட்ட விளைவு என்ற ஒழுங்கில் பந்தி பிரித்து எழுதுங்கள். நிச்சயமற்ற செய்திகளைக் கூறப்படுகின்றது என்று குறிப்பிடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. எம்பயர் அரங்கில் காட்டப்பட்ட இயந்திரத்தின் குறைபாடு யாது?
2. உணவுச்சாலைப் பரிசோதனையிலிருந்து பெறப்பட்ட இரு உண்மைகளையும் எழுதுக.
3. வளிமண்டல அமுக்கத்தைக் கொண்டு தூசு உறிஞ்சியின் தொழிற்பாட்டை விளக்குக.
4. பூத்தின் இயந்திரம் சாதாரண வீடுகளைச் சென்றடையாமைக்கு மூன்று காரணங்கள் தருக.
5. பளிங்கு மாளிகைச் சம்பவத்தில், தூசை அகற்றியமையே நோய் தணிந்தமைக்குக் காரணம் எனக் கொள்ளலாமா? உமது விடைக்குக் காரணம் கூறுக.
6. ஒரு கண்டுபிடிப்பின் பெருமை ஒருவருக்கு மட்டுமே உரியதன்று என்பதைப் பூத், ஸ்பாங்லர், ஹூவர் ஆகியோரை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரையாக எழுதுக.